எழுபத்திரண்டில் ஒன்று

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்தார் மாணவர் கைவேலைக் காட்சி ஒன்று நடத்தினார்கள். தஞ்சாவூர்ப் பாணி ஓவியம், பனையோலைப் பெட்டி, களிமண் பொம்மை, பின்னல் வேலை என்று பலரும் பலவகை கொண்டுவந்து வைத்தார்கள். மண்டபத்தின் மூலையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஒரு மேசைமேல் பதினொரு சிறு போர் விமானங்கள் வரிசையாக நின்றன. அவற்றைச் செய்து வைத்தவன் நான்.

பார்க்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "எம்.எஸ்ஸி. படிக்கிற பையனுக்கு இன்னும் பொம்மை விளையாட்டா?" என்றது ஒரு கட்சி. "உழவர் திருநாளில் உயிர் குடிக்கும் எந்திரங்களுக்கு அலங்காரமா?" என்றது மற்றொன்று. முன்னதைச் சொன்னவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பின்னதைச் சொன்னவர் சிரிக்கவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரு விடை எழுதித் தரும்படி இதழாசிரியர் கேட்டார். எழுத உட்கார்ந்தபோது நியாயம் முழுவதும் என் பக்கமே என்று நம்பியிருந்தேன். இப்போது அப்படி நம்பவில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

முதற் கட்சிக்கு விடை எளிது. பெட்டியை வாங்கித் திறந்தால் உள்ளே விமானம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவை சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். ஸ்ப்ரூ என்பார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் முருங்கைக் கிளையில் காய் தொங்குவது போல உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நூறு உறுப்பு இருந்தால் நூறையும் நறுக்கி எடுத்து, நறுக்கிய தழும்பு தெரியாதபடி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அதற்கு முன்பே சட்டத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் தடவிய பிசுக்கு இருந்தால் பூச்சு பிடிக்காது. பசை என்று நாம் சொல்வதும் உண்மையில் பசையன்று. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரண்டு விளிம்புகளையும் சற்றே இளக்கி ஒன்றாக்கிவிடுகிறது. ஒட்டியது ஒட்டியதுதான். ஆகையால் பசையில்லாமல் பத்துமுறை பொருத்திப் பார்ப்பவனே கெட்டிக்காரன். இந்தப் பாடம் எனக்கு ஏறுவதற்குள் மூன்று விமானங்கள் பலியாயின.

மூக்குச் சக்கரம் உள்ள விமானமானால், உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன் மூக்குக்குள் ஈயக்குண்டு வைக்க வேண்டும். மறந்தால் வால் தரையில் குந்திக்கொள்ளும். "அந்தச் சின்ன விமானம் மட்டும் ஏன் அண்ணா அண்ணாந்து பார்க்கிறது?" என்று முதலாண்டுத் தங்கை ஒருத்தி கேட்டாளே, காரணம் அதுதான். எல்லார் முன்னிலையிலும் சொல்ல வெட்கமாயிருந்தது, இங்கே சொல்லிவிட்டேன்.

பூச்சு வேலைக்குத் தில்லி உகந்த ஊரன்று. மே மாதத்தில் லூ காற்று அடிக்கும்போது சன்னலைத் திறந்தால் ஈரப் பூச்சின்மேல் இராசத்தானத்துப் புழுதி வந்து அமர்ந்துவிடும். சன்னலைச் சாத்தினால் தின்னர் நெடியில் தலை சுற்றும். மழைக்காலத்து ஈரத்தில் வார்னிஷ் பால்பூத்துப் போகும். தேர்வு இல்லாமலும் காற்று நல்லதாகவும் இருக்கும் நாள்கள் ஆண்டுக்கு எத்தனை வரும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பூச்சுக்குமேல் எண்ணும் சின்னமும் வைக்க வேண்டும். இவை டெக்கால் என்னும் மெல்லிய படலத்தில் அச்சாகி வரும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளைவிட்டு நகர்த்தி இடத்தில் அமர்த்துவது வழக்கம். சொரசொரப்பான பூச்சின்மேல் அமர்த்தினால் அடியில் காற்றுச் சிக்கி வெள்ளிபோல் மின்னிக் காட்டிக்கொடுக்கும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டெக்கால், அதன்மேல் மங்கல் வார்னிஷ்.

அந்தச் சின்னம் என்ன நிறம் என்று கேட்டால் வரலாற்றுக்குள் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கிழக்குப் போர்முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களும் இந்திய விமானங்களும் தங்கள் வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கிவிட்டன. சப்பானியரின் சின்னம் சிவப்பு வட்டமாக இருந்ததால், நம்மவரே நம்மவரைச் சுட்டுவிடக் கூடாது என்பது காரணம். விடுதலைக்குப் பின் சிறிது காலம் அசோகச் சக்கரம் விமானங்களில் இருந்தது. 1950 முதல் காவியும் வெள்ளையும் பச்சையும். இப்படி ஒரு பொட்டளவு வட்டத்துக்காக நான் நூலகத்தில் மூன்று மாலைகள் இருந்தேன். பாடத்துக்காக அப்படி இருந்தேனா என்று என் ஆசிரியர் கேட்காமல் இருப்பாராக!

இதைப் பிள்ளை விளையாட்டு என்பவர் ஒருநாள் என் அறைக்கு வந்து ஒரு சக்கரத்தைப் பொருத்திப் பார்க்கட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

இனி மற்றக் கட்சி.

எங்கள் தொழிலின் அளவுகோலிலிருந்தே தொடங்குகிறேன். விமான மாதிரிகளில் மிகவும் பழகிப்போன அளவு எழுபத்திரண்டில் ஒன்று. ஆறடி ஓர் அங்குலமாகும் கணக்கு அது. ஆறடி உயரமுள்ள விமானி கட்டைவிரலின் ஒரு கணு அளவுக்கு வந்துவிடுவான். நம் விமானப் படையில் இருந்த நாட் விமானம் இந்த அளவில் இறக்கை முனையிலிருந்து முனைவரை பத்துச் சென்டிமீட்டர்கூட வராது. லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் அரை மீட்டருக்குச் சற்றே குறையும். 1930-களில் இங்கிலாந்தில் ஸ்கைபேர்ட்ஸ் என்ற பெயரில் வந்த மர மாதிரிகள் இந்த அளவைப் பரப்பின. 1936-இல் அதே நாட்டில் ஃபிராக் நிறுவனத்தார் பெங்குயின் என்ற பெயரில் பிளாஸ்டிக் மாதிரிகளைக் கொண்டுவந்தார்கள். 1950-களில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் விமான மாதிரியாக ஸ்பிட்ஃபயரை வெளியிட்டது. இதுவரை கேட்டால் எல்லாம் கடைத்தெருக் கதையாகவே தோன்றும்.

நடுவில் ஒரு 1942 இருக்கிறது. அமெரிக்கா போரில் இறங்கியவுடன் அந்நாட்டுக் கடற்படை பள்ளிக்கூடங்களிடம் ஐந்து இலட்சம் விமான மாதிரிகள் கேட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மரத்தைச் செதுக்கிச் செய்து, கறுப்புப் பூசி அனுப்பினார்கள். பகை விமானம் எது, நட்பு விமானம் எது என்று வீரர்கள் நிழலுருவைக் கண்டே சொல்லப் பழக வேண்டும் என்பது நோக்கம். அளவு அதே எழுபத்திரண்டில் ஒன்று. முப்பத்தைந்து அடித் தொலைவில் அந்த மாதிரியைத் தூக்கிப் பிடித்தால், உண்மை விமானம் ஏறத்தாழ அரை மைல் தொலைவில் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். எதைச் சுட வேண்டும், எதைச் சுடக் கூடாது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைகளின் கைவேலை கற்றுக்கொடுத்தது.

ஆகவே, "நாங்கள் செய்வது வெறும் கலை, போருக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று எங்களில் எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். தொடர்பு நெருக்கமானது.

நமக்கும் அதில் பங்குண்டு. ஸ்பிட்ஃபயர், டிஃபயன்ட், அரிக்கேன் ஆகிய மாதிரிகளை வாங்கினால் பல பெட்டிகளில் இங்கிலாந்து விமானப் படையின் 234, 264, 79 ஆகிய பிரிவுகளின் எழுத்துகள் டெக்காலாக வரும். இந்த மூன்று பிரிவுகளுக்கும் ஒரே அடைமொழி: மதராஸ் மாகாணம். நம் மாகாணத்தில் திரட்டிய போர் நிதியை நினைவூட்டும் பெயர் அது. 264-ஆம் பிரிவின் டிஃபயன்ட் விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில்தான் துப்பாக்கிகள். 1940 ஆகஸ்டில் செர்மானிய விமானங்கள் அந்தக் குறையைத் தெரிந்துகொண்டபின் அப்பிரிவு பெருஞ்சேதம் அடைந்தது. பிறகு இரவுப் போருக்கு மாற்றினார்கள். டிஃபயன்ட் செய்து முடித்து ஓராண்டு கழிந்த பிறகே எனக்கு அந்த அடைமொழி தெரியவந்தது. பெட்டிக்குள் வந்த விளக்கத் தாளில் எந்தப் பச்சை, எந்தப் பழுப்பு என்று எண்ணிட்டுச் சொல்லியிருந்தார்கள். மதராஸ் என்ற சொல் மட்டும் இல்லை.

சென்ற ஆண்டு நாங்கள் ஆறுபேர் பாலம் விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு லிபரேட்டர் நிற்கிறது. போர் முடிந்தபின் பிறர் பயன்படுத்தாதபடி பிரிட்டிஷார் கான்பூரில் சிதைத்துப் போட்டுவிட்டுப் போனவற்றை, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைப் பொறியாளர்கள் சீர்செய்து பறக்கவிட்டார்கள். 1968 வரை அவை நம் விமானப் படையில் இருந்தன. பழைய இரும்புக் குவியலிலிருந்து எழுந்த விமானம்! அதைப் பார்த்து எங்களுக்கு வந்த பெருமிதத்தைச் சொல்லத் தேவையில்லை. அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஓக்கா என்று பெயர். செர்ரிப் பூ என்பது பொருள். சப்பானியர் 1945-இல் பயன்படுத்திய தற்கொலை விமானம். மூக்கில் ஓராயிரம் கிலோவுக்கு மேல் வெடிமருந்து, வாலில் ராக்கெட்டு, நடுவில் ஒரு பையன் உட்கார ஒரு பள்ளம்.

அந்த ஓக்காவை நான் மாதிரியாகவும் செய்திருக்கிறேன். வேலை மிகக் குறைவு. உறுப்புகளைப் பிரித்து அடுக்கியபோது சக்கரங்களைத் தேடினேன். வண்டியில் ஏற்றி வைக்கும் தாங்கி ஒன்று இருந்தது. விமானத்துக்கென்று இறங்கு சக்கரம் எதுவும் இல்லை. பெட்டியில் விட்டுப்போயிற்று என்று எண்ணிக் கடைக்காரருக்குக் கடிதம் எழுதவும் எண்ணினேன். பிறகே உறைத்தது. திரும்பி வராத விமானத்துக்கு இறங்கு சக்கரம் எதற்கு? அந்த விமானிகளைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன். படித்தபோது இல்லாத நடுக்கம், கையில் ஒரு சக்கரம் குறைந்தபோது வந்தது. இந்தத் தொழிலுக்கு வேறு எந்தச் சிறப்பும் இல்லை என்றாலும் இது ஒன்று உண்டு: விரலுக்குத் தெரிந்த செய்தியை மனம் மறப்பதில்லை.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் இரண்டாம் கட்சிக்கும் விடை சொல்லிவிட்டதாக மகிழ்ந்திருப்பேன். பொங்கலன்று நடந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை.

அதற்கு முன் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தம் புதிதாய்ப் பளபளக்கும் மாதிரியை எங்கள் கூட்டத்தில் எவரும் மதிப்பதில்லை. பூச்சு உதிர்ந்த இடம், எண்ணெய் ஒழுகிய கோடு, குண்டு பட்டு ஒட்டுப்போட்ட தகடு, புகைக்குழாயின் கரி ஆகியவற்றைத் தீட்டிக் காட்டுபவனே வல்லவன். சமையல் உப்பை ஈரத்தில் தூவி, மேலே பூச்சடித்து, காய்ந்தபின் தேய்த்து எடுத்தால், வெயிலிலும் மழையிலும் பூச்சு உரிந்த தோற்றம் அப்படியே வரும். உப்புக்கு இப்படி ஒரு பயன் உண்டென்று விடுதிச் சமையற்காரர் நம்பவே மாட்டார். புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பார்த்துச் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவன் படைக்கருவிகள் மாலை சூடி நெய் பூசி அழகாயிருந்தன; அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன. போர் கண்ட கருவி எது, காணாதது எது என்பதை அந்த அம்மையார் ஒரு பார்வையில் கண்டுகொண்டார். எங்கள் சுவையும் அதுவே. நாங்கள் அதியமான் கட்சி என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

மேசையிலிருந்த பதினொன்றில் ஒன்று கிஃபிர். பிரான்சு நாட்டு மிராஜ் விமானத்தின் உடலில் அமெரிக்க எஞ்சினைப் பொருத்தி இசுரேலியர் உருவாக்கியது. முக்கோண இறக்கையும் அதற்கு முன்னால் சிறு இறக்கையுமாக, கண்ணுக்கு மிக அழகிய விமானம். பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்து மணல் நிறமும் பழுப்பும் பச்சையும் அடித்திருந்தேன். முன்னால் வைத்த அட்டையில் பெயரையும், செய்த நாட்டையும், வேகம் ஒலியின் இருமடங்கு என்பதையும் எழுதியிருந்தேன்.

நம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர் வந்தார். ஏழு வயதுவரை வன்னியில் இருந்தவர். பிறகு மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து படித்து வந்தவர். ஒவ்வொரு விமானமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் இந்த அட்டையின் முன் நின்றார்.

"தம்பி, இதுதானோ கிபிர்?" என்று கேட்டார்.

"ஆமாம் அக்கா" என்றேன்.

"நான் இப்பதான் பாக்கிறன்" என்றார். "சத்தம் வரேக்கையே அம்மம்மா பங்கருக்குள்ள இழுத்துப் போடுவா. மேல பாக்க விடமாட்டா."

இலங்கை விமானப் படை கிஃபிர்களை வாங்கியது 1996-இல். அதன்பின் 2009-இல் போர் முடியும்வரை வன்னி மக்களுக்கு அது விமானத்தின் பெயராக இருந்ததைவிட ஒரு சத்தத்தின் பெயராகவே இருந்தது. சின்னஞ்சிறு பிள்ளைகளும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். செய்தித்தாளில் படித்திருக்கிறேன். தெரிந்துகொண்டே நான் அட்டையில் எழுதியது வேகத்தை.

அக்கா அதைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டார். எடுத்து மெல்லத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை என்பதால் எங்களில் பலர் அங்கே அசட்டையாக இருந்துவிடுவோம். நானும் அப்படித்தான். ஒட்டின கோட்டைத் தேய்க்காமல் விட்டிருந்தேன். பூச்சும் ஒரே வெளிர் நிறமாய் அடித்த கையோடு நின்றிருந்தது.

"அடியில இன்னும் முடிக்கேல்லைப் போல" என்றார். பிறகு அட்டையைப் பார்த்து, "வேகம் எழுதியிருக்கிறாய். வேற ஒண்டும் எழுதேல்லையோ?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. விமானத்தை இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு நான் என் பதினொரு அட்டைகளையும் எடுத்துப் படித்துப் பார்த்தேன். எஞ்சின், வேகம், இறக்கை நீளம், முதற்பறப்பு. பதினொன்றிலும் அதுவேதான். விமானத்தின்மேல் விழுந்த ஒவ்வொரு கீறலையும் தீட்டத் தெரிந்தவன், அந்த விமானம் கீழே எதைக் கீறிற்று என்பதில் ஓர் எழுத்தும் எழுதவில்லை. அதியமான் கட்சி என்று சொல்லிக்கொண்டேனே, அதியமானின் வேல் எதில் பட்டு முறிந்தது என்று கேட்டேனா?

இரண்டாம் கட்சியார் சொன்னதில் பாதியை அப்போது ஒப்புக்கொண்டேன். மீதிப் பாதியை இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. "செய்யாதே, வைக்காதே" என்பது அவர்கள் தீர்ப்பு. செய்யாமல் விட்டால் விமானம் இல்லாமல் போய்விடுமா? பெட்டிமேல் இருக்கும் வண்ணப்படம்தான் எஞ்சும். அந்தப் படத்தில் வானம் எப்போதும் நீலமாகவும், பகைவிமானம் எப்போதும் புகைந்துகொண்டும் இருக்கும். தரையில் ஊரே இருக்காது. செர்மனியில் நாட்சிகளின் சுவத்திகச் சின்னத்தை வெளிக்காட்டுவதற்குச் சட்டத் தடை உண்டு. அதனால் பல பெட்டிகளில் அந்தச் சின்னம் டெக்காலில் இல்லை. சிலவற்றில் இரண்டு துண்டாக அச்சிட்டு, வேண்டுபவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. அந்நாட்டார் பட்ட பாடு அது. ஆனால் வாலில் சின்னம் இல்லாத மெசர்ஸ்மிட் விமானத்தைப் பார்க்கும்போது, யாருக்காகப் பறந்தது என்று தெரியாத அப்பாவி விமானம்போல் தோன்றுகிறது. மறைப்பதனால் உண்மை கிடைப்பதில்லை.

ஆகவே என் கருத்து இது. நம் காட்சியில் போர் விமானம் வைப்பவர் எவராயினும், அட்டையில் எஞ்சினையும் வேகத்தையும் எழுதியபின், அந்த விமானத்தை யார் ஓட்டினார்கள், எந்த ஆண்டில், எந்த ஊரின்மேல், கீழே இருந்தவர் யார் என்பதையும் எழுத வேண்டும். எழுத முடியாதவர் வைக்க வேண்டா.

ஓர் அட்டைக்கு இவ்வளவு பேச்சா என்று எண்ணாதீர்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் ஓர் அட்டையால் ஆட்டம் கண்டது. இரோசிமாமேல் 1945 ஆகஸ்டு 6-இல் அணுகுண்டு போட்ட எனோலா கே விமானத்தின் முன்பகுதியை 1995-இல் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டபோது, குண்டு விழுந்த ஊரின் நிலையையும் விளக்க எண்ணினார்கள். போர் முடித்த படைவீரர் சங்கங்களும் நாடாளுமன்றத்தாரும் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, சுருங்கிய காட்சி ஒன்றே நடந்தது. 2003-இல் முழு விமானத்தையும் புதிய கூடத்தில் நிறுத்தினார்கள். அதன் அளவும் திறனும் அட்டையில் இருந்தன. இறந்தவர் எத்தனை பேர் என்பது இல்லை. அறிஞர்களும் குண்டுக்குத் தப்பிய முதியோரும் முறையிட்டும் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவ்வூரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்பது கணக்கு. அவ்வளவு பெரிய நிறுவனம் எழுத அஞ்சிய ஒரு வரியை, நம் மண்டபத்தின் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நாம் எழுதிவிடலாம். நம்மைத் தடுக்க நாடாளுமன்றம் கூடாது.

செயற்குழுவில் இதைச் சொன்னபோது, "கைவேலைக் காட்சியில் அரசியல் வேண்டா" என்றார் நண்பர் ஒருவர். அரசியல் வேண்டா என்றால் விமானத்தின் சின்னத்தையும் அழிக்க வேண்டுமே! "எல்லா அட்டையும் பழி சொல்லும் அட்டையாகிவிடுமே" என்றார் இன்னொருவர். அப்படி ஆகாது. நாட் விமானத்தின் அட்டையில், 1971 டிசம்பர் 14-இல் சிறீநகர் வானில் சேபர் விமானங்களைத் தனித்து எதிர்த்து உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோனின் பெயரை எழுதுவேன். நம் விமானப் படையில் பரம வீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. லிபரேட்டர் அட்டையில் கான்பூர்க் குவியலை எழுதுவேன். டிஃபயன்ட் அட்டையில் மதராஸ் மாகாணத்தை எழுதுவேன். ஓக்கா அட்டையில் சக்கரம் இல்லை என்ற ஒன்றை மட்டுமே எழுத எண்ணம். உண்மையில் பெருமையும் இருக்கிறது. அதற்கும் இடம் உண்டு.

வழக்குள்ள இடங்களில் என்ன செய்வது என்பது நல்ல கேள்வி. கிஃபிர் அட்டையில் அது வருகிறது. 2006 ஆகஸ்டு 14-இல் முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின்மீது இலங்கை விமானப் படை குண்டு வீசியதில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். அது பயிற்சி முகாம் என்றது இலங்கை அரசு. அவர்கள் பள்ளி மாணவிகள் என்றது யுனிசெஃப். இரண்டையும் எழுதுவேன். யார் சொன்னது என்பதையும் எழுதுவேன். படிப்பவர் நம்மைப் போலப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்; அவருக்கு எடைபோடத் தெரியும்.

கிஃபிரின் அடிப்பக்கத்தைச் சென்ற வாரம் உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பூசினேன். ஒட்டின கோடு போய்விட்டது. புது அட்டையை எழுதி அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, வள்ளிபுனம் என்பதில் நான் போட்டிருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தார். வேறெதுவும் சொல்லவில்லை.

அடுத்த காட்சி வரும் பொங்கலுக்கு. அட்டை பற்றிய என் கோரிக்கை செயற்குழுவின் முன் இருக்கிறது. வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் கார்த்திகைக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்து சொல்லுங்கள். மாதிரி செய்து பழக விரும்புவோர் ஞாயிறு பிற்பகல்களில் என் அறைக்கு வரலாம். நறுக்கும் குறடு இரண்டு இருக்கிறது. உப்புத்தாள் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். ஈயக்குண்டு நான் தருகிறேன்.